ஃபுல் சார்ஜும் குப்பனூர் இறக்கமும்

என் வீட்டுக்காரர் மலைப்பாதையில் அரசு பஸ் ஓட்டியவர். ஏற்காட்டிலிருந்து சேலம், சேலத்திலிருந்து ஏற்காடு, மறுபடியும் அதே கதை. ரிட்டயர் ஆகும்வரை அவருக்கு உலகம் என்பதே அந்த ஒரு ரோடுதான். திருப்பத்துக்கு அந்தப் பக்கம் வருவது லாரியா ஜீப்பா என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். அந்த மனுஷனுக்குத்தான் லைசென்ஸைப் புதுப்பிக்கப் போன இடத்தில் கண் டாக்டர் கையெழுத்துப் போட மாட்டேன் என்றுவிட்டார். இடது கண்ணில் நரம்பு கெட்டு, பார்வை முக்கால்வாசி போயிருந்தது. வலது கண் மிச்சம். அதற்குச் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்து, மூன்று மாதத்துக்கு ஒரு முறை தவறாமல் வந்து காட்ட வேண்டும், விட்டால் இதுவும் அதே வழியில் போகும் என்று டாக்டர் என்னைப் பார்த்துச் சொன்னார். என்னைப் பார்த்து ஏன் சொன்னார் என்றால், இவர் அதற்குள் எழுந்து வாசலுக்குப் போயிருந்தார்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்தவர்தான், அதற்கப்புறம் மலையை விட்டு இறங்கவில்லை.

"சர்க்காருக்கு அத்தன வருசம் ஓட்டுனேன். ஒரு கீறல் விழுந்ததில்ல. இப்ப அதே சர்க்காரு, நீ ஊட்டோட கெடன்னு சொல்லுது" என்பார்.

சர்க்கார் அப்படிச் சொல்லவில்லை, வண்டி ஓட்டாதே என்று மட்டும்தான் சொன்னது, பஸ்ஸில் உட்கார்ந்து போனால் யார் தடுக்கப்போகிறார்கள் என்று நான் எடுத்துச் சொல்வேன். அங்கேதான் சிக்கல். இப்போது அந்த பஸ்களை ஓட்டுகிறவர்கள் எல்லாருமே இவருக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்தவர்கள். இவரைக் கண்டால் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு "வாங்கண்ணா" என்பார்கள். அவர்கள் முதுகுக்குப் பின்னால் டிக்கெட் வாங்கிக்கொண்டு உட்கார இவருக்கு மானம் போகிறதாம். டாக்ஸி வைக்கலாம் என்றேன். "எவனோ ஒருத்தன் நியூட்ரல்ல போட்டு எறக்குவான், நான் பக்கத்துல உக்காந்து பாத்துட்டு வரணுமா?" என்றார்.

கண் போனாலும் போகட்டும், இன்னொருத்தன் ஓட்டும் வண்டியில் இந்த மலையை இறங்க மாட்டேன் என்று ஒரு மனுஷன் சொன்னால் என்ன செய்வது? டாக்டரிடம் போக வேண்டிய மாதம் வந்தது, போனது. அடுத்ததும் போனது. சொட்டு மருந்தை மட்டும் மெடிக்கலில் வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தோம். காலையில் காபி டம்ளரை அவர் நேரே எடுக்கிறாரா, தடவி எடுக்கிறாரா என்று நான் அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டே இருப்பேன். எனக்குப் பயமாக இருந்தது. வெளியே சொல்லவில்லை. சொன்னால் அதற்கும் ஒரு சண்டை வரும்.

ஏரிக்குப் போகும் வழியில் எனக்கு ஒரு சின்னக் கடை உண்டு. டூரிஸ்ட்டுகளுக்கு மிளகு, காபித்தூள், தேன் விற்கிறேன். சரக்கை நேராகத் தோட்டக்காரர்களிடமே வாங்குவதால் கரடியூர், மஞ்சக்குட்டை, தலைச்சோலை என்று போய் வர வேண்டும். ஷேர் ஜீப்புக்குக் காத்து நின்றே என் பாதி ஆயுசு கழிந்தது. ஆள் நிறைந்தால்தான் ஜீப் எடுப்பார்கள். போன இடத்தில் மிளகைக் கையில் அள்ளிப் பார்ப்பதற்குள் "ஏனுங்கக்கா, வரீங்களா, கெளம்பட்டுமா?" என்று ஹாரன் அடிப்பார்கள். பஸ் டைம், ஜீப் டைம், அதற்கு மேல் இவருடைய டியூட்டி டைம். எந்த ஊருக்குப் போனாலும் கிளம்பும் நேரத்தை நான் முடிவு செய்ததே கிடையாது. சுதந்திரம், சர்க்கார் என்று இவர் பேசும்போதெல்லாம் எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு வரும். லைசென்ஸ் போன பிறகு இவர் வந்து சேர்ந்த இடத்தில்தான் நான் பிறந்ததிலிருந்தே இருந்தேன்.

ஒரு நாள் கடையில் உட்கார்ந்து காபித்தூளைக் கவரில் போட்டுக்கொண்டிருக்கும்போது தோன்றியது. கட்டின பெண்டாட்டி ஓட்டினால் ஏறுவாரா என்று யாரும் இவரை இன்னும் கேட்டுப் பார்க்கவில்லையே?

சேலத்தில் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். என் வயசுக்கு, பக்கத்தில் நின்றவர்கள் எல்லாம் பேத்திகள் மாதிரி இருந்தார்கள். கிளட்ச்சும் நானும் கடைசிவரை ஒத்துப்போகவில்லை. எப்படியோ லைசென்ஸ் வாங்கிவிட்டேன், ஆனால் அந்த வண்டியோடு மலை ஏறும் தைரியம் வரவில்லை. பெங்களூரில் வேலை பார்க்கும் பையனிடம் போனில் புலம்பினேன். "ஏம்மா, எலக்ட்ரிக் கார் வாங்கிக்க. கியரும் இல்ல, கிளட்சும் இல்ல. மிக்ஸி மாதிரி, அமுக்குனா ஓடும்" என்றான். மிக்ஸி என்றதும் எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. அரைக்காத மிக்ஸியையே அரைக்க வைத்தவள் நான்.

வண்டி வந்து வாசலில் நின்ற அன்று இவர் அதைச் சுற்றி ஒரு நடை நடந்தார். குனிந்து அடியில் பார்த்தார். "சைலன்சர் எங்க?" என்றார். இல்லை என்றேன். "கியர் ராடு?" இல்லை. "சத்தம்?" அதுவும் இல்லை. "அப்ப இதுக்கு வண்டின்னு பேரு வச்சது யாரு?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

அன்றிலிருந்து வாட்ஸ்அப்பில் அவருக்கு வரும் வீடியோ எல்லாம் எலக்ட்ரிக் காரைப் பற்றியே வர ஆரம்பித்தது. அதில் கோட் போட்ட யாரோ ஒருவர், இந்தக் கார்களுக்குள்ளே கம்ப்யூட்டர் இருக்கிறது, நீங்கள் எங்கே போகிறீர்கள் என்று சர்க்காருக்குத் தெரிந்துகொண்டே இருக்கும், வேண்டாம் என்று நினைத்தால் அங்கிருந்தே சுவிட்சை அணைத்துவிடுவார்கள் என்று சொல்கிறார். இவருக்கு அது வேதவாக்காகிவிட்டது.

"பாரு, டெல்லில ஒருத்தன் பட்டனத் தட்டுனா நீ நடுரோட்டுல நிப்ப."

"காத்தடிச்சு மரம் விழுந்தா நம்மூர்ல கரண்டு தானாவே நின்னு போவுது. டெல்லிக்கு ஏனுங்க அந்தச் செரமம்?" என்றேன்.

"பெட்ரோல் வண்டின்னா கேன்ல வாங்கி ஊத்திட்டுப் போயிட்டே இருக்கலாம். எவனும் கேக்க முடியாது."

"பெட்ரோலு நம்ம காபித் தோட்டத்துலயா வெளையுது?"

இப்படியே போகும் பேச்சு. அவர் சொல்வதில் எதுவுமே இல்லை என்று நான் இப்போதும் சொல்ல மாட்டேன். ஊட்டி, கொடைக்கானல் போக இ-பாஸ் வாங்க வேண்டும் என்று வந்த பிறகு, அடுத்தது நமக்குத்தான் என்று எங்கள் டீக்கடையில் பேசாத ஆள் இல்லை. பட்டனோ பாஸோ, ஒரு ஊருக்குப் போகலாமா கூடாதா என்று எங்கேயோ உட்கார்ந்து ஒருவர் முடிவு செய்வது யாருக்குத்தான் பிடிக்கும்? ஆனால் இவர் பேசியதெல்லாம் காரைப் பற்றி இல்லை என்று எனக்குத் தெரியும். தன் கையை விட்டு ஸ்டியரிங் போனதைத்தான் சுற்றிச் சுற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

இவருடைய டெல்லிப் பயத்தைக் கேலி செய்தவளுக்கு ஒரு பெங்களூர் காத்திருந்தது. காரோடு ஒரு ஆப் கொடுத்தார்கள். பையன் அதைத் தன் போனிலும் போட்டுக்கொண்டான். வண்டி எங்கே நிற்கிறது, என்ன வேகம், எவ்வளவு சார்ஜ், எல்லாமே அவனுக்குத் தெரியும். முதல்முறை தனியாகக் கரடியூர் போனேன். மிளகு வாங்கி டிக்கியில் வைத்துவிட்டு, வியூ பாயிண்டில் போய் நின்றேன். கல்யாணம் ஆகி இந்த மலைக்கு வந்த நாளிலிருந்து அந்த வழியாகப் போய் வந்துகொண்டிருக்கிறேன், ஜீப்பை நிறுத்தி ஒரு நிமிஷம் அங்கே நின்றதில்லை. கீழே சேலம் வெயிலில் பரந்து கிடந்தது. காற்று முந்தானையைப் பிடித்து இழுத்தது. எனக்குப் பாட வேண்டும்போல் இருந்தது, அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் கொஞ்சம் பாடவும் செய்தேன். அப்போது போன் அடித்தது.

"ஏம்மா, கரடியூர்ல இத்தன நேரமா என்ன பண்ற? வண்டி நகரவே இல்ல?"

"சும்மா நிக்கறேன் சாமி."

"சும்மான்னா?"

"சும்மான்னா சும்மாதான். வை போன."

மஞ்சக்குட்டையில் வேறு கதை. எலக்ட்ரிக் காருக்கு நம்பர் பிளேட் பச்சையாக இருக்கும். அந்த நிறத்தில் அந்தப் பக்கம் யாரும் வண்டியைப் பார்த்ததில்லை. பஸ் நிறுத்தத்தில் நின்ற அம்மாக்கள் அதை ஏதோ பெரிய ஆபீஸர் வண்டி என்று முடிவு செய்து, நான் இறங்கியதும் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவருக்கு ரேஷன் கார்டில் பெயர் விட்டுப்போயிருந்தது, ஒருவருக்கு வீட்டுப் பட்டா. "நான் மிளகு வாங்க வந்தேனுங்க" என்று சொன்னால் யாரும் நம்பவில்லை. கடைசியில் பட்டா அம்மாவைத் தாலுகா ஆபீஸ் வரைக்கும் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கிவிட்டேன். அந்த அளவுக்காவது ஆபீஸராக இருந்துவிட்டுப் போவோம் என்று.

இதையெல்லாம் வீட்டில் வந்து சொன்னால் இவர் டிவியைப் பார்த்துக்கொண்டே கேட்பார். சிரிக்க மாட்டார். காரில் ஏற மாட்டார். ஏரிவரைக்கும்கூட நடந்துதான் போவார்.

மே மாதம் வந்தது, சீசன் வந்தது. கூட்டம் தாங்காமல் வழக்கம்போல் ரோட்டை ஒருவழிப் பாதையாக்கினார்கள். ஏறுகிறவர்கள் எல்லாம் சேலம் மெயின் ரோட்டில் ஏற வேண்டும், இறங்குகிறவர்கள் எல்லாம் குப்பனூர் வழியாகத்தான் இறங்க வேண்டும். உள்ளூர்க்காரர்களுக்கும் அதே சட்டம்தான். இவர் அதற்கும் ஒரு பாட்டம் திட்டினார். டாக்டரிடம் போக வேண்டிய மூன்றாவது முறையும் அந்த வாரத்தில்தான் வந்தது.

இந்த முறை நான் கெஞ்சவில்லை. சாயங்காலம் கடையை அடைத்துவிட்டு வந்து, "நாளைக்கிக் காலைல கவர் வாங்கச் சேலம் போறேனுங்க. கண் ஆஸ்பத்திரி தாண்டித்தான் கவர் கடை. வரதுன்னா வாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு அரிசி களையப் போய்விட்டேன்.  இவர் எழுந்து வாசலுக்குப் போவது கேட்டது. சாப்பிடக் கூப்பிடலாம் என்று வெளியே வந்தால், கார் பிளக்கில் மாட்டியிருந்தது. நான் எப்போதும் எண்பது சதவீதம் வந்ததும் எடுத்துவிடுவேன். பேட்டரிக்கு நல்லது என்று பையன் சொல்லியிருந்தான். எடுத்து வைத்த வயரை இவர் மறுபடி மாட்டியிருக்கிறார்.

"டிப்போவுல வண்டிய எடுக்கறப்ப டேங்க் ஃபுல்லா இருக்கணும். பாதி டேங்க்ல மலை எறங்கறவன் டிரைவரே இல்ல" என்றார், என்னைப் பார்க்காமல்.

அப்படியென்றால் வருகிறார்.  அந்த வயரை நான் ஏன் பிடுங்கப்போகிறேன்? அது நூறைத் தொட்டுவிட்டுப் போகட்டும்.

காலையில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து முன்சீட்டில் உட்கார்ந்தார். பெல்ட் போடச் சொன்னேன், போட்டார். ஊரைத் தாண்டினோம். லேசான தூறல், பனி. குப்பனூர் ரோடு குறுகல், இறக்கம் சுருக்கென்று இருக்கும்.

இந்தக் காரில் ஒரு வசதி உண்டு. இறக்கத்தில் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் போதும், யாரோ பின்னாலிருந்து புடவைத் தலைப்பைப் பிடித்த மாதிரி வண்டி தானே தன்னைப் பிடித்துக்கொள்ளும். அப்படிப் பிடிக்கும்போது கிடைக்கும் கரண்ட்டைத் திரும்பப் பேட்டரியிலேயே போட்டுக்கொள்ளும். பிரேக்குக்கு அவ்வளவாக வேலை இருக்காது. அந்த நம்பிக்கையில் முதல் பெரிய இறக்கத்தில் காலை எடுத்தேன். வண்டி பிடிக்கவில்லை. அது பாட்டுக்கு ஓடியது. டிஸ்பிளேயில் நான் பார்த்தே இராத ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது.

பிரேக்கை அமுக்கினேன். நின்றது. விட்டேன், மறுபடி ஓட்டம். இவர் இரண்டு காலையும் தரையில் ஊன்றிக்கொண்டு கத்தினார்.

"செகண்டு போடு! செகண்டு போடு!"

"செகண்டு இல்லீங்க!"

"ஃபர்ஸ்ட்டு?"

"அதுவும் இல்லீங்க!"

"ஒண்ணுமே இல்லாத வண்டிய வாங்கி எந்தலையில கட்டிட்டியே புள்ள!"

திருப்பத்துக்குத் திருப்பம் பிரேக்கை அமுக்கி அமுக்கி, கருகின வாசனை வர ஆரம்பித்தது. ரோடு கொஞ்சம் அகன்ற இடத்தில் ஓரமாக நிறுத்திவிட்டேன்.  இவர் குதித்து இறங்கி, ஒரு பெரிய கல்லைத் தூக்கி வந்து முன்சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தார். போச்சு, இனி ஜென்மத்துக்கும் இந்த மனுஷன் காரில் ஏற மாட்டார், கண்ணும் அவ்வளவுதான் என்று எனக்கு அழுகை முட்டியது.

போன் அடித்தது. பெங்களூர்.

"ஏம்மா, குப்பனூர் ரோட்டுல ஏன் நிக்கற?"

நடந்ததைச் சொன்னேன்.  "சார்ஜ் எவ்வளவும்மா இருக்கு?" என்றான். நூறு என்றேன். அவன் தலையில் அடித்துக்கொண்டது எனக்குக் கேட்டது. "நெறஞ்சு கெடக்கற பேட்டரில அது கரண்ட்ட எங்கம்மா கொண்டுபோய்ப் போடும்? போட எடமில்லாததாலதான் வண்டி புடிக்கல. மலை மேல இருக்கறவங்க ஃபுல் சார்ஜ் பண்ணிட்டு எறங்கக் கூடாது. கீழ இருக்கறவங்க பண்ணலாம். பிரேக் ஆறட்டும். அப்பறம் திரும்பிக் கொஞ்ச தூரம் மேல ஏறிட்டு வாங்க. சார்ஜ் எறங்குனா வண்டி தானா புடிக்கும்."

போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். நான் இவரைப் பார்த்தேன். டேங்கை நிரப்பியது யார் என்று நான் வாயைத் திறக்கவில்லை. இவர் கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிரேக் ஆறிய பிறகு, கல்லை எடுத்துவிட்டு வண்டியை மேல்பக்கமாகத் திருப்பலாம் என்று பார்த்தால், மழைக்கோட்டுப் போட்ட ஒரு போலீஸ்காரத் தம்பி விசில் அடித்துக்கொண்டே ஓடி வந்தார். சீசன் டியூட்டிக்குச் சமவெளியிலிருந்து போட்டிருந்த பையன். மேலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக வண்டி இறங்கிக்கொண்டிருந்தது.

"அம்மா, இது ஒன்வே. யாரும் ஏறக் கூடாதுங்க."

"தெரியுமுங்க தம்பி. எறங்கறதுக்குத்தானுங்க ஏறப் போறோம்" என்றார் இவர்.

அந்தத் தம்பி இவரை மேலும் கீழும் பார்த்தார். "ஏனுங்கய்யா, என்னயப் பாத்தா எப்படித் தெரியுது?"

இந்த மலையில் இவரை ஒருவர் மறித்து இப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவையாக இருக்கும். சண்டை வரப்போகிறது என்று நினைத்தேன். ஆனால் இவர் பொறுமையாக எடுத்துச் சொன்னார். பேட்டரி நிறைந்துவிட்டது, நிறைந்ததால் ஓடுகிறது, குறைந்தால்தான் நிற்கும், குறைய வேண்டும் என்றால் ஏற வேண்டும். சொல்லச் சொல்ல அவருக்கே அது எவ்வளவு கிறுக்குத்தனமாக இருக்கிறது என்று தெரிந்தது. அந்தத் தம்பியின் முகம் மாறவே இல்லை.

"பெட்ரோல் தீந்துபோச்சுன்னு நிக்கற வண்டிய நொம்பப் பாத்திருக்கேனுங்க. நெறஞ்சுபோச்சுன்னு நிக்கற வண்டிய இன்னைக்கித்தான் பாக்கறேன்" என்றார். "இருந்தாலும் மேல விட முடியாதுங்க. எதிர்ல வர வண்டிக்கு யாரு பதில் சொல்றது?"

அதுவும் நியாயம்தானே? அந்தக் குறுகல் ரோட்டில் எதிர்த்து ஏறும் வண்டியை இவர் சர்வீஸில் இருந்த காலத்தில் கண்டிருந்தால் குடும்பத்தோடு திட்டியிருப்பார். "அவரு சொல்றது சரிதான்" என்று இவர் வாயாலேயே சொன்னார். ஒரு சட்டத்துக்கு இவர் சரி என்று சொல்லி நான் கேட்டு எத்தனை நாள் ஆகியிருந்தது!

ஏற முடியாது, இறங்கவும் முடியாது. அப்போது எனக்கு ஒன்று தோன்றியது. கரண்ட்டைச் செலவு பண்ண ஓடத்தான் வேண்டுமா? வீட்டில் மீட்டர் ஏறுவதற்கு நாம் எங்கேயாவது ஓடுகிறோமா என்ன? வண்டியை ஆன் செய்து ஹீட்டரை முழுசாக வைத்தேன். ஹெட்லைட், வைப்பர், பாட்டு, பின்கண்ணாடியைச் சூடாக்கும் பட்டன், என்னென்ன இருந்ததோ எல்லாவற்றையும் போட்டேன். இவரும் ஏறி உட்கார்ந்து போனைச் சார்ஜில் போட்டார்.

வெளியே தூறல் வலுத்தது. அந்தப் போலீஸ்காரத் தம்பி விடியற்காலையிலிருந்து நனைந்துகொண்டு நின்றிருக்கிறார், உதடெல்லாம் வெளுத்துப்போயிருந்தது. "கொஞ்ச நேரம் உள்ள உக்காருங்க சாமி" என்று கூப்பிட்டேன். முதலில் தயங்கினார். பிறகு பின்சீட்டில் ஏறினார். ஏறியவர் சட்டைக்குள்ளிருந்து தன் போனை எடுத்து, "ஏனுங்கம்மா, இதுக்கும் கொஞ்சம் போட்டுத் தரீங்களா? காலைலயே செத்துப்போச்சு" என்றார்.

ஹீட்டர் வெந்நீர் ரூம் மாதிரி ஆக்கிவிட்டது. மழை பெய்யும் மலையில் மூன்று பேரும் வியர்வையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். பழைய பாட்டு ஒன்று பலமாக ஓடுகிறது. நின்றுகொண்டிருக்கும் வண்டியில் பட்டப்பகலில் ஹெட்லைட் எரிகிறது. இறங்கும் கார்களிலிருந்து குழந்தைகள் எட்டிப் பார்த்துக் கை காட்டுகின்றன. இவர் மெதுவாக என் பக்கம் சாய்ந்து, "டெல்லில பட்டன் தட்டுவான்னு சொன்னேனில்ல? அந்தச் சர்க்காரு போனுக்கே நாம சார்ஜ் போட்டுட்டிருக்கோம்" என்றார்.

சொல்லிவிட்டுச் சிரித்தார். முதலில் தோள் மட்டும் குலுங்கியது, அப்புறம் வயிறு, அப்புறம் சத்தமாக. அந்தத் தம்பிக்கு ஒன்றும் புரியவில்லை என்றாலும் சேர்ந்து சிரித்தார். லைசென்ஸ் போன பிறகு அந்தச் சிரிப்பை நான் கேட்கவே இல்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, ஹீட்டர்மேல் பழியைப் போட்டுத் துடைத்துக்கொண்டேன்.

டிஸ்பிளேயில் நம்பர் குறைந்து, மஞ்சள் விளக்கு அணைந்தது. தம்பி போனை எடுத்துக்கொண்டு இறங்கி, கீழ்த் திருப்பம்வரை முன்னால் நடந்து வழிவிட்டார். நான் காலை எடுத்தேன். வண்டி தன்னைத் தானே பிடித்துக்கொண்டு, சொன்ன பேச்சைக் கேட்கும் பிள்ளைபோல் இறங்கியது.

"புடிக்குதே!" என்றார் இவர். அடுத்த திருப்பத்திலும், "அட, என்னமா புடிக்குது!" குனிந்து டிஸ்பிளேயைப் பார்த்தார். நம்பர் மறுபடி ஏறிக்கொண்டிருந்தது. "எறங்க எறங்க டேங்க் நெறையுதா? இந்த மாதிரி ஒரு பஸ்ஸ எங்களுக்குக் குடுத்திருந்தா..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திவிட்டு, ஜன்னலை இறக்கி வெளியே கையை நீட்டித் தூறலைப் பிடித்தார். டிரைவர் சீட்டில் இருந்தவரை அதைச் செய்ய அவருக்கு நேரம் இருந்திருக்காது. கீழே போய்ச் சேர்வதற்குள் ஒரு தடவை மட்டும்தான், "லெஃப்ட்ட அண" என்றார். அதுவும் நான் ஏற்கெனவே வண்டியை இடது ஓரமாக அணைத்த பிறகு.

ஆஸ்பத்திரியில் மிஷினில் தலையை வைத்து, எழுத்துப் படித்து, எல்லாம் முடிந்தது. இடது கண்ணில் போனது போனதுதான். வலது கண் அப்படியே இருக்கிறது, இத்தனை நாள் வராமல் இருந்ததற்கு உங்களுக்கு அதிர்ஷ்டம் என்று டாக்டர் திட்டிக்கொண்டே சொன்னார்.  இவர் சட்டைப் பையில் பழைய லைசென்ஸ் கார்டைக் கொண்டுவந்திருந்தார், வெள்ளைத் துணிக்கு மேல் அதன் விளிம்பு தெரிந்தது. மறுபடி கேட்பார், டாக்டர் முடியாது என்பார், இவர் முகம் தொங்கும் என்று நான் காத்திருந்தேன். இவர் கேட்கவில்லை. "அடுத்து எப்பங்க வரட்டும்?" என்று மட்டும் கேட்டுவிட்டு எழுந்தார்.

கவர் கடைக்குப் போனோம், சாப்பிட்டோம், மெயின் ரோட்டில் ஏறினோம். அது ஏறுகிறவர்களின் பாதை, யாரும் மறிக்கவில்லை. இவர் நல்ல குஷியில் இருந்தார். கொஞ்ச தூரம் ஏறியதும், "ஏம்புள்ள, வெள்ளிக்கெழம சும்மாதானே இருக்க? மேட்டூர் போயி டேமப் பாத்துட்டு, மீன் சாப்ட்டுட்டு வரலாமா?" என்றார்.

"வெள்ளிக்கெழம முடியாதுங்க."

"ஏன், கடையா?"

"கட லீவு. தலைச்சோலைல நான் மொளகு வாங்கற ஊட்டு அக்காங்க மூணு பேர ஒகேனக்கல் கூட்டிட்டுப் போறேன். பொறந்ததுல இருந்து அவங்க பாத்ததில்ல. போயிட்டு அன்னைக்கே திரும்பி வர பஸ் இல்லீங்களே. வாக்குக் குடுத்துட்டேன்."

இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் ரோட்டைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தேன். என்னிடம் கேட்காமல் எப்படி முடிவு பண்ணலாம் என்று கேள்வி வரப்போகிறது என்று நினைத்தேன், அதற்குப் பதிலும் தயாராக வைத்திருந்தேன். வரவில்லை. ஒரு திருப்பம் போனது. இன்னொன்றும் போனது.

"முன்சீட்டுல யாரு?"

"பெரியக்கா. அவங்களுக்கு வண்டில வாந்தி வருமுங்க. முன்சீட்டுன்னாதான் தாங்கும்."

 எத்தனை பேர் இவரிடம் இடம் கேட்டிருப்பார்கள். கைக்குழந்தையோடு நின்றவர்கள், மூட்டையோடு நின்றவர்கள், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள். என்ஜின் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளுங்கள் என்று எல்லாருக்கும் இடம் கொடுத்த மனுஷன். தனக்கென்று யாரிடமும் ஒரு சீட்டுக் கேட்டு நான் பார்த்ததில்லை.

தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"பின்னால ஒரு ஆளுக்கு எடமிருக்குமா?"

"நெருக்கித்தான் உக்காரணும்" என்றேன்.

"உக்காந்துக்கறேன்" என்றார்.